கிராமத்துக்கு யாரும் பஸ் ஏறுவதில்லை

தமிழில் யாரும் 'கிராமத்துக்குப் போறேன்' என்று சொல்லிக்கொண்டு பஸ் ஏறுவதில்லை. ஊருக்குத்தான் போகிறோம். தீபாவளிக்கு முந்தின ராத்திரி கிளாம்பாக்கத்தில் கள்ளக்குறிச்சி பஸ்ஸுக்கு முண்டியடிக்கிற கூட்டத்தில் ஒருவரை நிறுத்தி 'எங்கண்ணே போறீங்க' என்று கேட்டுப்பாருங்கள். 'ஊருக்கு' என்பார். எந்த ஊர் என்றால் கள்ளக்குறிச்சி என்பார். கள்ளக்குறிச்சியில் இறங்கிய பிறகு அதே கேள்வியைக் கேட்டால் சங்கராபுரம் என்பார். சங்கராபுரத்தில் கேட்டால் இன்னொரு பெயர் வரும், டவுன் பஸ்ஸோ ஷேர் ஆட்டோவோ பிடித்துப் போகிற ஒரு பெயர். அவர் ஒரு இடத்திலும் பொய் சொல்லவில்லை. ஊர் என்ற சொல், கேட்கிற ஆள் எங்கே நிற்கிறார் என்பதைப் பார்த்து விரியும், சுருங்கும்.

அதே ஆள் 'கிராமம்' என்று சொல்கிற சந்தர்ப்பங்களும் உண்டு. ஜிப்மர் வரிசையில் டாக்டரிடம்: 'நாங்க கிராமம்ங்க, ஒண்ணும் தெரியாது.' காலேஜ் ஹாஸ்டலில் முதல் வாரம்: 'நான் ஒரு சின்ன கிராமம் மச்சான்.' வட்டாட்சியர் அலுவலகத்து மனுவில்: 'மேற்படி கிராமத்தில் வசிக்கும்...' மூன்றிலும் எதிரே இருப்பவர் வெளியாள். மூன்றிலும் குரல் கொஞ்சம் இறங்குகிறது. கிராமம் என்பது நாம் வெளியாளிடம் பேசும்போது எடுத்துக்கொள்கிற சொல். அவர் நம்மை எப்படிப் பார்க்கிறாரோ அப்படியே நம்மைச் சொல்லிக் காட்டுகிற சொல்.

இப்போது தமிழ் நாவல்களின் பின்னட்டைகளைப் புரட்டுங்கள். 'கிராமத்து வாழ்வை', 'கிராமிய மணத்தோடு', 'ஒரு கிராமத்தின் கதை'. உள்ளே பாத்திரங்கள் எல்லோரும் ஊர் ஊர் என்று பேசிக்கொண்டிருப்பார்கள். வெளியே விமர்சகர் கிராமம் என்று எழுதியிருப்பார். புத்தகம் ஆங்கிலத்துக்குப் போனால் உள்ளே வெளியே எல்லாமே 'வில்லேஜ்' ஆகிவிடும். இதனால் என்ன குடி முழுகிப்போகிறது என்று கேட்கலாம். முழுகிப்போகிறது என்றுதான் நினைக்கிறேன். எந்தச் சொல்லை யார் சொல்கிறார் என்பதில்தான் நம் நாவல்களின் பாதிக் கதை இருக்கிறது.

ஒரு பழைய உதாரணம். கணியன் பூங்குன்றனாரின் அந்தப் புறநானூற்றுப் பாட்டு, 192, எல்லோருக்கும் தெரியும். அதன் முதல் வரியில் வருகிற ஊரை ஜி.யு. போப் 'டவுன்' என்று மொழிபெயர்த்தார். ஏ.கே. ராமானுஜனும் 'டவுன்' என்றே எடுத்தார், அவர் வைத்த தலைப்பிலேயே அந்தச் சொல் இரண்டு முறை வருகிறது. இருவரும் செய்தது சரிதான். ஆனால் அதே 'ஊர்' 1990களின் நாவல் ஒன்றில், வயலில் நிற்கிற ஒருத்தியின் வாயிலிருந்து வந்தால் அது தானாகவே 'வில்லேஜ்' ஆகிறது. சொல் மாறவில்லை. சொல்பவரின் காலில் சேறு இருக்கிறதா என்று மொழிபெயர்ப்பாளர் பார்த்துக்கொள்கிறார், அவ்வளவுதான்.

இந்த வித்தியாசத்தை முதலில் கவனித்தவன் நானில்லை. இ. வாலண்டைன் டேனியல் என்ற மானுடவியலாளர் 1984இல் வெளியிட்ட 'ஃப்ளூயிட் சைன்ஸ்' நூலில் ஒரு முழு அத்தியாயமே ஊரைப் பற்றியது. திருச்சிப் பக்கத்து ஊர் ஒன்றில் தங்கி எழுதியது. கிராமம் அரசாங்கம் கோடு போட்டது, யார் சொன்னாலும் அதன் எல்லை ஒன்றுதான்; ஊர் சொல்பவரை மையமாக வைத்து விரிவது, அந்த மண்ணும் அந்த ஆளும் ஒத்துப்போவதைப் பற்றியது என்கிறார். அருமையான அவதானிப்பு, தமிழில் இலக்கியம் படிக்கிறவர்கள் இந்தப் புத்தகத்தைத் தேடிப் படிக்க வேண்டும். ஆனால் ஒரு இடத்தில் அவரோடு எனக்கு ஒட்டவில்லை. அவர் பெரும்பாலும் பேசியது நிலம் வைத்திருந்த வேளாளர்களிடம். மண்ணுக்கும் தனக்கும் ஒத்துப்போகிறது என்று சொல்ல முதலில் மண் இருக்க வேண்டும். நிலம் இல்லாதவரிடம், கட்டிக்கொடுக்கப்பட்டு வந்தவளிடம், மலையில் இருப்பவரிடம் கேட்டிருந்தால் ஊர் வேறு மாதிரி ஒலித்திருக்கும்.

கட்டிக்கொடுக்கப்பட்டவள் என்றதும் அஞ்சலை ஞாபகம் வருகிறாள். கண்மணி குணசேகரனின் 'அஞ்சலை' 1999இல் வந்தது. விருத்தாசலத்துச் செம்மண்ணும் முந்திரிக்காடும் கொண்ட நாவல். கள்ளக்குறிச்சியிலிருந்து ஒரே பஸ்ஸில் போய்விடலாம், இரண்டும் நடுநாடுதான். (இதே கண்மணி குணசேகரன் 'நடுநாட்டுச் சொல்லகராதி' என்று ஒரு அகராதியும் தொகுத்திருக்கிறார். ஒரு பல்கலைக்கழகத் துறை செய்ய வேண்டிய வேலையைப் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் வேலை பார்த்த ஒருவர் செய்தார்.) அஞ்சலைக்கு ஊர் என்பது முதலில் ஒரு வாய். ஊரு பேசும். ஊரு சிரிக்கும். ஊரு என்ன சொல்லும். அவள் ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு ஓடும்போதெல்லாம் அந்த வாய் அவளுக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கிறது. பொறந்த ஊர், வாக்கப்பட்ட ஊர் என்று பெண்களுக்கு எப்போதும் இரண்டு. இரண்டில் ஒன்றிலும் தனக்குப் பிடிமானம் இல்லை என்று தெரிகிற ஒருத்தியின் கதையைப் 'பெண்ணின் கிராமத்து வாழ்க்கை' என்று சொன்னால் கதையே கையைவிட்டுப் போய்விடுகிறது. கிராமம் பேசாது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பேசாமல் கிடக்கும்.

கிராமத்தை இளக்காரமாகப் பார்க்கிற பழக்கம் நம்முடையது மட்டும் இல்லை என்பது ஒரு சின்ன ஆறுதல். லத்தீனில் 'வில்லா' என்றால் ஒரு பண்ணை, ஒரு பிரபுவின் நிலம். அதிலிருந்துதான் வில்லேஜ். அந்தப் பண்ணையில் உழைத்தவனுக்கு வைத்த பெயரிலிருந்து வந்ததுதான் நம்பியாருக்கும் ரகுவரனுக்கும் நாம் கொடுத்த 'வில்லன்' பட்டம். பட்டிக்காட்டான்தான் வில்லன். சமஸ்கிருதத்தில் 'கிராம' என்பது முதலில் ஒரு கூட்டம், ஒரு படை. அது திரள்வதிலிருந்து போருக்கு 'சங்கிராமம்' என்ற பெயர். பிற்பாடு அது குடியிருப்பாகி, அதிலிருந்து பிறந்த 'கிராம்ய' என்ற சொல் நாகரிகம் இல்லாத பேச்சைக் குறித்தது. அரசுத் தமிழில் சின்னக் குடியிருப்புக்கு 'குக்கிராமம்' என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். அந்தக் 'கு' சமஸ்கிருத முன்னொட்டு. சிறிய என்றும் பொருள், கீழான என்றும் பொருள். எந்த மொழியில் பார்த்தாலும் நகரம் கிராமத்துக்குப் பெயர் வைக்கும்போது கொஞ்சம் அழுக்கையும் சேர்த்தே வைக்கிறது.

ஆனால் உள்ளிருப்பவரின் சொற்கள் வேறு மாதிரி. சிங்களவர் 'கமட்ட யனவா' என்றால் அது கிட்டத்தட்ட நம் 'ஊருக்குப் போறேன்'தான். மராத்தியில் 'காவ்' அப்படி. தெலுங்கில் ஊரு இருக்கிறது, பல்லெ இருக்கிறது, இரண்டையும் ஒட்டிய பல்லெட்டூரு இருக்கிறது. மலேசியத் தமிழர்கள் மலாய்க்காரர்களின் கம்போங்கைக் 'கம்பம்' என்று எழுதுகிறார்கள். தாங்கள் வாழ்ந்த ரப்பர் தோட்டத்தைக் கம்பம் என்று அவர்கள் சொன்னதில்லை, அது 'தோட்டம்' அல்லது 'எஸ்டேட்'. உரிமை இல்லாத இடத்துக்கு ஊர்ச் சொல் வாய்க்கு வரவில்லை. மலையாளிகள் 'நாட்டுக்கு'ப் போகிறார்கள். இந்த நாடு என்ற சொல்லைக் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், இதற்காகத்தான் மலையேறப் போகிறோம்.

கள்ளக்குறிச்சி என்ற பெயரிலேயே ஒரு விசித்திரம் இருக்கிறது. ஐந்து நிலத்துக்கும் ஊர்ப்பெயர் மனப்பாடம் செய்தது ஞாபகம் இருக்கும்: முல்லைக்குப் பாடி, நெய்தலுக்குப் பாக்கம், மருதத்துக்குப் பேரூர், பாலைக்குக் குறும்பு. குறிஞ்சிக்குச் சிறுகுடி, அதோடு குறிச்சி. பழைய உரைகளும் நிகண்டுகளும் குறிச்சி என்பதை மலைநிலத்து ஊர் என்றே சொல்கின்றன. ஆனால் கள்ளக்குறிச்சி நெல்லும் கரும்பும் விளைகிற சமவெளி. மலை மேற்கே, கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணைக்கு அந்தப் பக்கம் தெரிகிறது. அரவக்குறிச்சியும் பாஞ்சாலங்குறிச்சியும்கூட மலைமேல் இல்லை, ஆகவே இதில் பெரிய மர்மம் எதுவும் இல்லை. சொற்கள் மலையிலிருந்து இறங்கி வந்து எங்கெங்கோ குடியேறும். எனக்குச் சுவாரசியமாகப் படுவது வேறு. குறிச்சி என்று பெயர் வைத்துக்கொண்ட ஊர் கீழே இருக்க, நிஜமான குறிஞ்சி நிலத்தில், கல்வராயன் மலைமேல், ஊர்களின் பெயர் என்னவாக இருக்கிறது?

வெள்ளிமலை, கரியாலூர், சேராப்பட்டு, கிளாக்காடு, தொரடிப்பட்டு, மணியார்பாளையம், இன்னாடு. ஊரும் உண்டு, பட்டும் உண்டு, காடும் உண்டு, பாளையமும் உண்டு. இன்னாட்டில் அந்த நாடு எட்டிப் பார்க்கிறது. சேலம் மாவட்டத்துப் பக்கம் உள்ள மலைக்குப் போனால் அது முழுசாக நிற்கிறது. அங்கே ஊராட்சிகளின் பெயர்களே சின்னக்கல்வராயன் மலை வடக்குநாடு, தெற்குநாடு, பெரியகல்வராயன் மலை கீழ்நாடு, மேல்நாடு. கொல்லிமலையிலும் அப்படித்தான்: வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, தின்னனூர் நாடு, அரியூர் நாடு, தேவானூர் நாடு. எல்லாம் ஊராட்சிப் பெயர்கள். பஞ்சாயத்துத் தலைவர் ஒரு நாட்டுக்குத் தலைவர்.

சமவெளித் தமிழனுக்கு இது வேடிக்கையாக இருக்கும். நமக்கு நாடு என்றால் பெரிசு. 1967இல் சட்டமன்றத்தில் தீர்மானம் போட்டு 1969இல் மாநிலத்துக்கு வைத்த பெயர். மலையில் ஒரு பள்ளத்தாக்கும் அதைச் சுற்றிய சரிவுகளும் ஒரு நாடு. இது மலைக்காரர்களின் அறியாமை இல்லை, அவர்களிடம்தான் பழைய பொருள் இருக்கிறது. சோழர் காலக் கல்வெட்டுகளில் நாடு என்பது பல ஊர்கள் சேர்ந்த ஒரு சின்ன வட்டாரம். அந்த வட்டாரத்து நிலக்காரர்கள் கூடி 'நாட்டோம்' என்று கையெழுத்திட்டார்கள். கீழே அந்தப் பொருள் ஊதிப் பெருத்து அரசியலுக்குப் போய்விட்டது. மேலே அது அப்படியே தங்கிவிட்டது. காரணமும் புரிந்துகொள்ளக்கூடியதுதான். மலையில் குடியிருப்புகள் சின்னவை, சாமையும் தினையும் மரவள்ளியும் போட்ட காட்டுக்கு நடுவே சிதறிக் கிடப்பவை. திருவிழாவுக்கும் வழக்குத் தீர்க்கவும் கூடுகிற அலகு அந்தப் பத்திருபது வீடு இல்லை, நாடு. இந்த மக்களுக்கு அரசுப் பட்டியலில் உள்ள பெயர் மலையாளி. கேரளத்துக்கும் அவர்களுக்கும் சம்பந்தம் இல்லை, காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பிகளாக மலையேறி வந்தவர்கள் என்பது அவர்களே சொல்லும் கதை. பெயரில் சம்பந்தம் இல்லாத இரண்டு மலையாளிகளும் நாடு என்ற சொல்லில் மட்டும் சந்திக்கிறார்கள் என்பது எனக்குப் பிடித்த தற்செயல்.

இதை ஒரு அழகான வட்டார வழக்கு என்று ரசித்துவிட்டுப் போகலாம். போக முடியாதபடி குறுக்கே சட்டம் நிற்கிறது. கல்வராயன் மலை 1976 வரை ஜாகீர்தார்கள் கையில் இருந்தது. நாடு சுதந்திரம் அடைந்து முப்பது வருடம் ஆகப்போகிற நேரத்தில்தான் மலை அரசாங்கத்துக்கு வந்தது. வந்ததும் கணக்கு, அளவை, எல்லை, காப்புக்காடு எல்லாம் கூடவே வந்தன. 2006இன் வன உரிமைச் சட்டத்தின்படி உரிமை கோரும் மனு தொடங்குகிற இடம் கிராம சபை. அப்படியானால் கிராமம் எது? சட்டம் அதை வரையறுத்துத்தான் ஆக வேண்டும். பிரிவு 2இல் அந்த வரையறை வருகிறது: பஞ்சாயத்துச் சட்டம் கிராமம் என்று சொல்கிற இடம், வன கிராமம், பழைய குடியிருப்பு, அளவை செய்யப்படாத கிராமம், அது கிராமம் என்று அறிவிக்கப்பட்டிருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. பஞ்சாயத்துகளே இல்லாத மாநிலங்களில், எந்தப் பெயரில் அழைக்கப்பட்டாலும் மரபான கிராமம் கிராமம்தான். ஒரு சொல்லுக்கு இவ்வளவு இழுத்துப்பிடித்துப் பொருள் எழுதியிருப்பதைப் பார்த்தால், எழுதியவர்களுக்கு ஆபத்து எங்கே என்று தெரிந்திருக்கிறது. ஏட்டில் கிராமமாக இல்லாத இடத்தில் இருப்பவர் ஏட்டில் ஆக்கிரமிப்பாளர் ஆகிவிடுவார்.

இன்னொரு சட்டம் இதைவிட நெருங்கி வருகிறது. 1996இன் பழங்குடிப் பகுதிகளுக்கான பஞ்சாயத்து விரிவாக்கச் சட்டம், பெசா. ஒரு குடியிருப்போ பல சிறு குடியிருப்புகளோ சேர்ந்து ஒரு சமூகமாக, தம் வழக்கப்படி தம் காரியங்களை நடத்திக்கொண்டால் அது கிராமம் என்கிறது. இதைப் படித்தபோது எனக்குத் தோன்றியது: இது கிராமத்தின் வரையறையா, நாட்டின் வரையறையா? கல்வராயன்காரர் எவரிடம் காட்டினாலும் 'இது நம்ம நாடுதானே' என்பார். ஆனால் பெசா ஐந்தாவது அட்டவணைப் பகுதிகளுக்கு மட்டும் பொருந்தும். தமிழ்நாட்டில் அப்படி அறிவிக்கப்பட்ட பகுதி ஒன்றுகூட இல்லை. நாட்டுக்கு ஏறக்குறையச் சரியான சட்டச் சொல் கிடைத்திருக்கிறது, அது நாடு இருக்கிற மலைக்கு ஏறவில்லை.

மலைச் சொற்களுக்கு இலக்கியத்தில் என்ன நடந்தது என்று பார்த்தால் ஒரு புத்தகம் தனியாக நிற்கிறது. ச. பாலமுருகனின் 'சோளகர் தொட்டி', 2004. சத்தியமங்கலம் பக்கத்து மலை. தொட்டி என்றால் சோளகரின் குடியிருப்பு. 'சோளகர் கிராமம்' என்று வைத்திருந்தால் எவ்வளவு தட்டையாக இருந்திருக்கும் என்று யோசித்துப்பாருங்கள். அட்டையில் அந்தச் சொல்லைப் பார்த்த எத்தனையோ பேர் தண்ணீர்த் தொட்டி என்றுதான் முதலில் நினைத்திருப்பார்கள். அந்த இடறல் நல்லது. நமக்குத் தெரியாத ஒரு வாழ்க்கைக்குள் போகிறோம் என்று வாசலிலேயே சொல்லிவிடுகிறது. அந்த நாவலின் மொழியைப் பற்றி எனக்குச் சில குறைகள் உண்டு. பல இடங்களில் உண்மை அறிக்கையின் நடை நாவலின் நடையைத் தள்ளிவிட்டு முன்னால் வந்துவிடுகிறது. ஆனால் தலைப்பு ஒரு விமர்சகன் செய்ய வேண்டிய வேலையைச் செய்திருக்கிறது.

இதற்கு நேர்மாறாக நடந்ததற்கு நீலகிரியே சாட்சி. தொதவரின் குடியிருப்பு மந்து. ஊட்டகமண்ட் என்று வெள்ளைக்காரன் எழுதியதன் கடைசிப் பகுதி அந்த மந்துதான். நாம் அதைத் தமிழ்ப்படுத்துகிறோம் என்று உதகமண்டலம் ஆக்கினோம். ஏழெட்டு மூங்கில் வீடுகளுக்கான ஒரு சொல் சமஸ்கிருத மண்டலம் ஆகிவிட்டது. பெரிதாக்குவதும் அழிக்கிற ஒரு வழிதான். பக்கத்திலேயே படகரின் ஹட்டி பிழைத்துக்கொண்டது, ஏனென்றால் படகர்கள் தொகையில் அதிகம், அவர்கள் பெயரை அவர்களே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இனி கீழே இறங்குவோம். மலையில் சொல் இல்லாத சிக்கல் என்றால், சமவெளியில் சொல் இருப்பதால் வருகிற சிக்கல்.

ஊர் என்ற சொல்லை இதுவரை ரொம்பவே பாராட்டிவிட்டேன். கிராமம் வெளியாளின் சொல், ஊர் உள்ளாளின் சொல் என்றேன். உள் என்று ஒன்று இருந்தால் அதற்கு ஒரு சுவர் இருக்கும். சோழர் காலத்தில் 'ஊர்' என்பது இடத்துக்கு மட்டும் பெயர் இல்லை, நிலம் வைத்திருந்தவர்கள் கூடிய சபைக்கும் அதுவே பெயர். அவர்கள் 'ஊரோம்' என்று முடிவெடுத்தார்கள். நிலம் இல்லாதவர் ஊரில் வாழ்ந்தார், ஊராக இல்லை. ராஜராஜனின் தஞ்சைக் கல்வெட்டுகள் வரி நீங்கிய நிலங்களை அடுக்கும்போது ஊர்நத்தம் தனி, கம்மாணச்சேரி தனி, பறைச்சேரி தனி என்று பிரித்தே எழுதுகின்றன. ஆயிரம் வருடம். சேரி என்ற சொல்லுக்கு அப்போது இழிவு இல்லை, முல்லை நிலத்து ஊரைக்கூடச் சேரி என்பார்கள், பிராமணர் குடியிருப்பும் சேரிதான். இழிவு பின்னால் ஏறியது. பிரிவு முன்பே இருந்தது.

இன்றைக்கும் நடுநாட்டில் 'ஊரு கூடிடுச்சு' என்றால் யார் கூடினார்கள் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. 'ஊர்ல கூழு ஊத்துறாங்க, காலனியில அடுத்த வாரம்' என்று ஒருவர் சாதாரணமாகச் சொல்லும்போது ஒரே வருவாய்க் கிராமத்தைப் பற்றித்தான் பேசுகிறார். ஆங்கில மொழிபெயர்ப்பில் 'வில்லேஜில் திருவிழா' என்று வந்தால், படிக்கிறவர் எல்லோரும் ஒன்றாக நின்று கூழ் குடிக்கிற காட்சியைக் கற்பனை செய்துகொள்வார். 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் கிராமத்தைப் புகழ்ந்தவர்களைக் கடுமையாக மறுத்துப் பேசியது எல்லோரும் மேற்கோள் காட்டுகிற விஷயம். அவர் பேசியது ஆங்கிலத்தில், ஆனால் அவர் மனதில் இருந்தது மராத்தி 'காவ்'. மதிலுக்கு வெளியே மகார்வாடா இருக்கிற காவ்.

இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' (1994) இந்தச் சுவரை இரண்டாக மடித்துக் காட்டியது. ஊர் ஒதுக்கிவைத்த பறையர் காலனி. அந்தக் காலனிக்குத் துணி வெளுத்து, அங்கேயே ராச்சோறு வாங்கிப் பிழைக்கிற ஆரோக்கியத்தின் குடும்பத்தை அந்தக் காலனியும் ஒதுக்கிவைத்திருக்கிறது. ஆரோக்கியத்துக்கு ஊர் எது? அவளைப் பொறுத்தவரை காலனிதான் ஊர், அதுதான் அவளுக்குப் படியளக்கிறது, அதுதான் அவளை ஏசுகிறது. வந்த காலத்தில் இந்த நாவலைச் சுற்றி நடந்த சண்டை, தலித் எழுத்தாளர் தலித்துகளின் குறையை எழுதலாமா என்பதைச் சுற்றியே சுழன்றது. ஊர் என்ற சொல் அதில் ஆளுக்கு ஆள் எப்படி இடம் மாறுகிறது என்று மட்டும் பின்தொடர்ந்து படித்தால் அந்தச் சண்டைக்கே வேறு பதில் கிடைத்திருக்கும். இமையம் குறை சொல்லவில்லை. உள், வெளி என்ற பிரிவு ஒரு இடத்தில் நிற்பதில்லை, தள்ளப்பட்டவரும் அதைக் கையில் எடுத்துக்கொள்வார் என்று காட்டியிருக்கிறார். லக்ஷ்மி ஹோம்ஸ்ட்ராமின் ஆங்கில மொழிபெயர்ப்பு மதிப்புக்குரியது. ஆனால் அந்த மொழியில் இதற்குச் சொல் இல்லை. ஊரை ஊர் என்றே விட்டுவிடுவதுதான் வழி என்று தோன்றுகிறது. ஐந்து பக்கத்தில் வாசகருக்குப் பழகிவிடும். ருஷ்ய நாவல்களில் சமோவார் நமக்குப் பழகவில்லையா?

2024 ஜூன். கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் செத்துப்போனார்கள். அந்த நாட்களில் செய்திகளைப் படித்தவர்கள் நினைவுபடுத்திப் பாருங்கள். ஆங்கிலச் செய்திகள் பலவற்றில் அது 'கருணாபுரம் வில்லேஜ்'. கருணாபுரம் கள்ளக்குறிச்சி நகருக்குள் இருக்கிறது. காவல் நிலையமும் நீதிமன்றமும் நடந்து போகிற தூரம். கூலி வேலை செய்கிறவர்கள், பெரும்பாலும் தலித்துகள் வாழ்கிற பகுதி. அதை வில்லேஜ் என்று எழுதிய நிருபருக்குக் கெட்ட எண்ணம் இருந்திருக்காது. ஏழைகள், சாராயம், கூட்டமாகச் சாவு என்றதும் கை தானாக அந்தச் சொல்லைத் தட்டியிருக்கும். ஆனால் அந்த ஒரு சொல்லில் கருணாபுரம் மாவட்டத் தலைநகரிலிருந்து பல கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. நகரத்தின் நடுவில், போலீஸ் மூக்குக்குக் கீழே நடந்தது, எங்கோ ஒரு கிராமத்தில் நடந்ததாகிவிட்டது. பின்னட்டையில் 'கிராமத்து வாழ்வு' என்று எழுதுகிற கைக்கும் இந்தக் கைக்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

அடுத்து எல்லோரும் மலையைப் பார்த்தார்கள். கல்வராயன் என்றாலே சாராயம் என்று ஒரு பேச்சு மாவட்டத்தில் ரொம்ப காலமாக உண்டு, ரெய்டுகள் உண்டு, ஊறல் அழிப்புப் புகைப்படங்கள் உண்டு. அந்த ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து மலைமக்களின் வாழ்நிலை பற்றி வழக்கு எடுத்துக்கொண்டது. ரோடு, ஆஸ்பத்திரி, பஸ் பற்றியெல்லாம் கேள்விகள் எழுந்தன. நல்லதுதான். மலை செய்தியாவதற்குக் கீழே இத்தனை பேர் சாக வேண்டியிருந்தது.

2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் ஒரு அறிவிப்பு செய்தார்: 'காலனி' என்ற சொல் இழிவின் குறியாக மாறிவிட்டதால் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும். இந்தச் சொல்லும் லத்தீன்தான், குடியேறி உழுதவர்களின் இடம் என்று பொருள். சென்னையில் பேங்க் காலனி, ரயில்வே காலனி என்றால் ஒரு மதிப்பு. நடுநாட்டில் பெயர் எதுவும் சேர்க்காமல் வெறும் 'காலனி' என்றால் அது ஒரே இடம். நீக்கியதை வரவேற்கிறேன், ஒரு பிள்ளை பள்ளிக்கூடத்தில் விலாசம் சொல்லும்போது நாக்கு கூசக்கூடாது. ஆனால் அறிவிப்பைப் படித்ததும் எனக்கு உடனே வந்த சந்தேகம், அந்த இடம் இனி ஊர் ஆகிவிடுமா என்பது. கூட்டத்தில் 'ஊரு கூடிடுச்சு' என்றால் அவர்களும் சேர்த்தியா? காலனி போனாலும் ஊர் தன் சுவரோடு அப்படியேதான் இருக்கிறது. அதற்கு எந்த அரசாணையும் போட முடியாது.

அந்த மக்களே தங்கள் இடத்துக்குப் பெயர் வைத்தபோது என்ன வைத்தார்கள் என்று பாருங்கள். அம்பேத்கர் நகர். காந்தி நகர். இந்திரா நகர். ஏதோ ஒரு புரம். தமிழ்நாட்டில் எந்த ரோட்டில் போனாலும் வளைவில் ஒரு நகர் பலகை இருக்கும், இருபது தொகுப்பு வீடு, ஒரு தண்ணீர் டேங்க். 'நகராம்ல' என்று பஸ்ஸில் சிரிப்பவர்களைக் கேட்டிருக்கிறேன். சில பெயர்கள் அதிகாரிகள் வைத்தவை, சில கட்சிக்காரர்கள் வைத்தவை. ஆனால் கேட்டு வாங்கியவையும் நிறைய உண்டு. ஊர் உள்ளே விடவில்லை, கிராமம் என்று தாங்களே சொல்லிக்கொண்டு குரல் தாழ்த்த விருப்பமில்லை. ஊரையும் கிராமத்தையும் ஒரே தாவலில் தாண்டி நகர் என்று பலகை நட்டிருக்கிறார்கள். நம் நாவல்களில் இந்த நகர் இன்னும் சரியாக வரவில்லை. வருகிற இடங்களில் விமர்சகர்கள் நாம் அதைக் 'கிராமத்தின் ஒதுக்குப்புறம்' என்று எழுதிக்கொண்டிருக்கிறோம்.